நாட்டைப் பெயரில் சுமந்த பாடகர்

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் வந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எந்தக் கப்பலில் வந்தனர், எந்தத் துறையில் இறங்கினர், எந்தத் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டனர் என்பனவே நம் நூல்களின் தொடக்க இயல்களாக அமைகின்றன. அவ்வாறு எழுதுவது முறையே. ஆயினும், வந்தவர் கதைக்கு மறுபக்கமாகச் சென்றவர் கதையொன்றும் உண்டு. இங்குப் பிறந்து, இங்கு மேடையேறி, தம் கலைக்கு இங்கு இடம் போதாமையால் கடலைத் திரும்பக் கடந்து சென்றவரின் கதை அது. அத்தகையோருள் தலையாய ஒருவரின் இசை வாழ்வை நோக்குவதும், அவ்வாழ்வு நமக்கு உணர்த்துவது யாதென ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமும் பாட்டும்

இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகம் 1901ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆட்சியாளர் ஒருவரின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் எனத் திறக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டிலேதான் இப்போதைய பெயரைப் பெற்றது. தமிழகத்திலிருந்து பினாங்கு வழியாக வந்த கப்பல்கள் இங்கு ஆட்களை இறக்கிவிட்டுச் சிங்கப்பூர் நோக்கிச் சென்றன. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வழியில் ஓடிய 'ரஜூலா'வை நம் பெரியோர் இன்றும் மறந்திலர். அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டு தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழிப் பயணக் காலமே முடிவுற்றது எனலாம்.

ஆட்கள் மட்டுமா இத்துறைகளில் இறங்கினர்? அவர்தம் பாட்டுகளும் உடன் இறங்கின. தெம்மாங்கும் தாலாட்டும் காவடிச் சிந்தும் நெஞ்சிலே வந்தன. இசைத்தட்டுகளும் திரைப்படச் சுருள்களும் பெட்டிகளிலே வந்தன. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படங்களின் பாடல்கள் மறுநாள் பால்மரக் காட்டில் ஒலித்தன. ஆனால், பாட்டைப் பொறுத்தவரையில் நம் துறைமுகம் நெடுங்காலம் இறக்குமதித் துறையாகவே இருந்தது. இங்கிருந்து ஒரு குரல் சென்று தமிழுலகம் முழுவதும் ஒலிக்கும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. அவ்வெதிர்பாராததைச் செய்து காட்டியவர் மலேசியா வாசுதேவன்.

பெயரும் பிறப்பும்

வாசுதேவன் 1944ஆம் ஆண்டு சூன் திங்கள் 15ஆம் நாள், இந்நாட்டில் குடியேறிய மலையாளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது மலாயா சப்பானியர் ஆட்சியில் இருந்தது. அரிசிப் பஞ்சமும் அச்சமும் நாட்டைச் சூழ்ந்திருந்தன. நம்மவரில் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். 'மலேசியா' என்னும் பெயருடைய நாடே அன்று இல்லை. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவாயிற்று. ஆகவே, தம்மைவிடப் பத்தொன்பது ஆண்டு இளைய ஒரு நாட்டின் பெயரை அவர் தம் பெயருக்கு முன் சுமந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஊரைப் பெயருக்கு முன் வைத்தல் தமிழ் இசை மரபில் புதிதன்று. சீர்காழி கோவிந்தராசன், திருச்சி லோகநாதன், மதுரை சோமு என்றெல்லாம் வழங்குகிறோம். பாடுபவரை ஈன்ற மண்ணைப் போற்றும் வழக்கம் அது. வாசுதேவனிடத்திலோ, ஊர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாடே நிற்கிறது. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில், மலாய் மண்ணில் பிறந்த ஒருவர், தமிழகச் சிற்றூர் மாந்தரின் குரலாக உருவெடுத்தார். இந்த மூன்றையும் ஒருங்கே தாங்கி நிற்பது அவருடைய பெயர்.

இங்கு இருந்ததும் இல்லாததும்

அவர் இளைஞராய் இருந்த காலத்தில் இந்நாட்டில் தமிழ்க் கலைக்கு மேடையே இல்லை என்று கூறுவது பொருந்தாது. தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நாடகக் குழுக்கள் இருந்தன. திருவிழாக்களிலும் திருமணங்களிலும் இசைக்குழுக்கள் பாடின. 1946ஆம் ஆண்டு தொடங்கிய மலாயா வானொலியின் இந்தியப் பகுதி உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கதவு திறந்திருந்தது. வாசுதேவனும் தமிழ் நாடகக் குழுவில் நடித்தும் மேடைகளில் பாடியும் வளர்ந்தவரே. மேடை நாடகம் அளிக்கும் பயிற்சி சிறிதன்று. கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். சினமும் சிரிப்பும் குரலிலேயே தெரிய வேண்டும். பின்னாளில் அவர் பாடல்களில் நாம் கேட்கும் நடிப்பு, அந்த மேடைப் பழக்கத்தின் விளைவே எனலாம்.

இல்லாதது வேறொன்று. கலையைத் தொழிலாகக் கொண்டு வாழ்வதற்குரிய ஒலிப்பதிவுக் கூடமும் படப்பிடிப்பு நிலையமும் வணிகமும் தமிழுக்கு இங்கு இல்லை. இதில் ஒரு வியப்பும் உண்டு. அக்காலத்து மலாய்த் திரைப்படத்தை வளர்த்தவருள் இந்தியர் பலர் இருந்தனர். பி.என். ராவ் போன்ற இயக்குநர்கள் சிங்கப்பூர் நிலையங்களில் மலாய்ப் படங்களை இயக்கினர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' என்னும் மலாய்ப் படம் 1950இல் வெளிவந்தது. மலாய்க் கலையுலகின் பெருமகனாகிய பி. ரம்லி தம் சொந்தக் குரலில் பாடி நடிக்க வழி செய்த படம் அது. நம்மவரின் அறிவும் உழைப்பும் மலாய்க் கலைக்கு உரமாயின. அதே காலத்தில் தமிழில் பாட விழைந்த இளைஞர் சென்னையை நோக்கி நிற்க வேண்டியிருந்தது. இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை; சந்தை இருக்கும் இடத்தில்தான் கலைத்தொழில் கால் ஊன்றும்.

சென்னையில் ஒரு புதிய குரல்

வாசுதேவன் சென்னைக்குச் சென்றது பாடுவதற்கு மட்டுமன்று, நடிப்பதற்கும் ஆகும். 1970களின் தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை சிறு வாய்ப்புகளே. ஜி.கே. வெங்கடேஷ் 'பொல்லாத உலகில் ஒரு போராட்டம்' என்னும் படத்தில் பாட வைத்தார். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன், 1973இல் வெளிவந்த 'பாரத விலாஸ்' படத்தில் பலர் சேர்ந்து பாடும் பாடலொன்றில் இடமளித்தார். அன்று திரையிசையில் டி.எம். சௌந்தரராசனின் ஆட்சி முற்றும் மறையவில்லை, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் ஆட்சி தொடங்கிவிட்டது. இவ்விரு மலைகளுக்கிடையே புதியவர் ஒருவர் வழி காண்பது எளிதன்று.

அவ்வேளையில் அவருக்கு வாய்த்த நட்பே அவர் வாழ்வை மாற்றிற்று. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த இளைஞர் இளையராஜா, தம் உடன்பிறந்தாருடன் 'பாவலர் பிரதர்ஸ்' என்னும் இசைக்குழுவை நடத்தி வந்தார். அக்குழுவின் மேடைகளில் வாசுதேவன் பாடினார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்து தமிழ்த் திரையிசையின் போக்கையே திருப்பியது. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் முதற்படமாகிய '16 வயதினிலே' வெளிவந்தது. அதில் கமலகாசன் ஏற்ற சப்பாணி என்னும் பாத்திரத்திற்கான பாடலை முதலில் பாடவிருந்தவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்றும், அவருக்குத் தொண்டை நலம் குன்றியமையால் வாசுதேவனுக்கு அவ்வாய்ப்பு வந்தது என்றும் திரையுலகினர் பலர் கூறியுள்ளனர். வாய்ப்பு தற்செயலாக வந்திருக்கலாம். அதைப் பற்றிக்கொண்டது தற்செயல் அன்று. வெள்ளந்தியான ஒரு சிற்றூர் இளைஞனின் துள்ளலைக் குரலில் காட்டுவதற்கு இசையறிவு மட்டும் போதாது. பேச்சுத் தமிழின் நெளிவு சுளிவுகளும் தெரிந்திருக்க வேண்டும். நாடக மேடை அதனை அவருக்கு முன்னரே கற்பித்திருந்தது.

அவருடைய வீச்சு

ஒரே வகைப் பாடலுக்குள் அடைபட்டு மறைந்த குரல்கள் பல. வாசுதேவன் அவ்வாறு அடைபடவில்லை என்பதற்குப் பதினாறு ஆண்டுகளின் சான்றுகள் உள்ளன. 1977இல் சிற்றூர்ப் பாடகராக அறிமுகமானவர், 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் மேலைநாட்டுச் சாயலுடைய மெல்லிசையைப் பாடினார். 1980இல் 'முரட்டுக்காளை'யில் இரசினிகாந்துக்காக அவர் பாடியது, ஊர்த் திருவிழாக்களில் இன்றும் ஒலிக்கிறது. மறு ஆண்டே 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தில் பள்ளிப் பருவத்து ஏக்கத்தை மென்காற்றைப் போன்று பாடினார். 1983இல் 'அடுத்த வாரிசு' படத்தின் ஆடற்பாடலில் கிதாரும் முரசும் முழங்க, அவற்றுக்கு ஈடுகொடுத்து நின்றார்.

இவற்றுக்கெல்லாம் முடிமணியாக அமைந்தது 1985இல் வெளிவந்த 'முதல் மரியாதை'. சிவாசி கணேசன் என்றால் டி.எம். சௌந்தரராசன் குரல் என்று முப்பது ஆண்டுகளாகத் தமிழர் செவி பழகியிருந்தது. அந்த நடிகர் திலகத்திற்கு, முதுமையும் தனிமையும் வாட்டும் ஊர்ப் பெரியவரின் பாத்திரத்தில், வாசுதேவனின் குரல் பொருத்தப்பட்டது. மக்கள் அதனை ஏற்றனர். ஏற்றதோடன்றி, வேறு குரலை அங்கு எண்ணிப் பார்க்கவும் இயலாதவாறு அது நிலைத்துவிட்டது. அப்படத்தின் பாடல்களுக்காகக் கவிஞர் வைரமுத்து தேசிய விருது பெற்றார். போர்ட் கிள்ளானுக்குத் தமிழகத்திலிருந்து பயணிகளைக் கொணர்ந்த கப்பல் வழி முடிவுற்ற ஆண்டும் 1985 தான். இங்குப் பிறந்த ஒருவரின் குரல் தமிழுலகில் உச்சத்தைத் தொட்ட ஆண்டும் அதுவே.

1993இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'கிழக்குச் சீமையிலே' வெளிவந்தபோது, புதிய தலைமுறையின் இசையமைப்பாளரும் மண்ணின் குரலுக்கு வாசுதேவனையே நாடினார். அவர் பாடியவை ஏறத்தாழ 8,000 பாடல்கள் எனப் பொதுவாகக் கூறுவர்.

பாடகர் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. 'சாமந்திப்பூ', 'பாக்கு வெத்தலை' முதலிய சில படங்களுக்கு இசையமைத்தார். 1985இல் பாரதிராஜாவின் 'ஒரு கைதியின் டைரி'யில் கொடிய அரசியல்வாதியாக நடித்துப் பெயர் பெற்றார். அதன்பின் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார். தமிழக அரசின் கலைமாமணி விருது அவரை அடைந்தது. 2011 பிப்ரவரி 20ஆம் நாள் சென்னையில் தம் 66ஆம் வயதில் மறைந்தார்.

மூன்று வழிகள்

வாசுதேவன் சென்ற வழி, வெளியேறித் தமிழில் பாடும் வழி. அவ்வழியில் புகழ் உண்டு. ஆனால் பிறந்த நாடு பெயரில் மட்டும் எஞ்சும். அவர் பாடிய ஆயிரக்கணக்கான பாடல்களில் நம் தோட்டமும் நம் ஆறும் நம் துறைமுகமும் எங்கே எனத் தேடினால், மனம் சற்று வருந்தவே செய்யும். அது அவர் பிழையன்று. மதுரைச் சீமையின் கதைக்கு மதுரைப் பாட்டுத்தானே வேண்டும்? கிள்ளான் கதையைச் சொல்லத் தமிழ்ப் படம் அன்று இங்கு இல்லை.

இரண்டாவது வழியும் ஒன்று இருந்தது. பினாங்கைச் சேர்ந்த தமிழராகிய டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதன் ஆறுமுகமும் 'அல்லிகேட்ஸ்' என்னும் இசைக்குழுவின் வாயிலாக மலாய் மொழியில் பாடி நாடு முழுவதும் புகழ் பெற்றனர். 2007இல் லோகநாதன் மறைந்தபோது மலேசியர் அனைவரும் இனவேறுபாடின்றி வருந்தினர். இது தங்கியிருந்து பிற மொழியில் பாடும் வழி. இவ்வழியில் நாடு கிடைத்தது. ஆனால், அப்புகழைத் தந்தது தமிழ்ப் பாட்டன்று.

தங்கியிருந்து தமிழிலேயே பாடும் மூன்றாவது வழி திறக்க ஒரு தலைமுறை ஆயிற்று. 'பொயெட்டிக் அம்மோ' என்னும் குழுவில் ஒருவராய் 1990களில் அறிமுகமான யோகி பி, பன்மொழியில் சொல்லிசை செய்தவர். 'ராப்' என்னும் அக்கலை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றியது. தாளத்தின்மேல் சொல்லை அடுக்கிச் செல்வது. 2006ஆம் ஆண்டு அவர் 'நட்சத்திரா' குழுவினருடன் வெளியிட்ட 'வல்லவன்' என்னும் தொகுப்பு முழு மூச்சில் தமிழில் அமைந்தது. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாடலொன்றை அடித்தளமாக்கி அவர்கள் செய்த பாடல், கடல் கடந்து தமிழக இளைஞரிடம் பரவிற்று. மறு ஆண்டே 'பொல்லாதவன்' என்னும் சென்னைப் படத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அதாவது, இங்கிருந்து சென்று அங்குப் பாடகரானார் வாசுதேவன். இங்கேயே பாடகராகி, அங்கிருந்து அழைப்பைப் பெற்றனர் இவர்கள். நம் துறைமுகம் பாட்டை ஏற்றுமதி செய்யத் தொடங்கிற்று.

சொல்லிசையை இலக்கியமாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் தமிழாசிரியர் சிலர்க்கு எழலாம். எதுகையும் மோனையும் இயைபும் இன்றி அக்கலை ஓரடியும் நகராது என்பதை அவர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். யாப்பிலக்கணத்தை மாணவர்க்கு விளக்க அதுவும் ஒரு வாயிலாகலாம்.

பிற நாட்டார் காட்டும் பாடம்

தாயகத்தில் தங்கியே உலகை எட்டுதல் இயலுமா, அவ்வாறு எட்டும்போது தாய்மொழி என்னாகும் என்னும் வினாக்கள் நமக்கு மட்டும் உரியன அல்ல. சுவீடன் ஏறத்தாழ ஒரு கோடி மக்களையே கொண்ட நாடு. அங்கு 1974இல் பிறந்த மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் என்பார் 'ஓபெத்' என்னும் இசைக்குழுவின் தலைவரும் பாடலாசிரியரும் ஆவார். மின்கிதாரின் முழக்கத்தோடு, நீண்ட பல பகுதிகளும் மாறி மாறி வரும் தாளங்களும் கொண்ட 'புரோகிரெசிவ் மெட்டல்' என்னும் இசைவகை அவருடையது. 1990இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய அக்குழு, 1995இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' அவர்களை உலகறியச் செய்தது. பாடல்களோ ஆங்கிலத்தில். சந்தை கேட்ட மொழி அது. ஆனால், 2019இல் வெளியிட்ட தொகுப்பை அவர்கள் சுவீடிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருவேறு வடிவங்களாகத் தந்தனர். கால் நூற்றாண்டு பிறமொழியில் பாடி ஊன்றிய பின், தாய்மொழியில் பாடினாலும் உலகம் கேட்கும் என்னும் துணிவு வந்தது.

அத்துணிவுக்குப் பின்புலம் ஒன்று உண்டு. சுவீடனில் ஊராட்சிகள் நடத்தும் இசைப்பள்ளிகள் சிறுவர்க்குக் குறைந்த கட்டணத்தில் கருவியிசை கற்பிக்கின்றன. முதியோர் கல்விக் கழகங்கள் இளைஞர் குழுக்களுக்குப் பயிற்சி அறைகளும் சிறு உதவித்தொகையும் அளிக்கின்றன. மேதையைப் பள்ளி உண்டாக்குவதில்லை. ஆனால் அவர் ஊரைவிட்டு ஓடாதிருக்கப் பள்ளியால் உதவ முடியும்.

நாம் செய்யத்தக்கது

இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. உலகில் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் வெளியே இத்தகைய பேறு வேறெங்கும் இல்லை. மாலை வேளையில் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு வகுப்பறை, ஓர் இசைக்குழுவின் பயிற்சிக் கூடமாகலாம். கிள்ளான் வட்டாரத்துப் பள்ளியொன்று தொடங்கினால், பிரிக்பீல்ட்ஸ் பள்ளி பின்தொடரும்.

மாணவர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. தோட்டத்து நாடக மேடைகளின் அறிவிப்புத் தாள்கள், பழைய இசைக்குழுக்களின் நிழற்படங்கள், வானொலியில் பாடியோரின் நினைவுகள் ஆகியவை நம் வீட்டுப் பெட்டிகளிலும் முதியோர் நெஞ்சிலும் மட்டும் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மேடைகள் மறைந்தன. அம்மேடைகளில் பாடியவரும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். வாசுதேவன் கடல் கடந்தமையால் அவர் பெயர் நிலைத்தது. கடல் கடக்காமல் இங்கேயே பாடி மறைந்தவர் எத்துணையர்? அவர்களிடமும் அவருக்கு இணையான குரல்கள் இருந்திருக்கலாம். அவர்தம் பெயர்களைத் தேடி எழுதி வைப்பது, ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு வகுப்பு மாணவர் செய்து முடிக்கக்கூடிய வரலாற்றுப் பணியே.

கலைஞரைப் போற்றுதல் என்பது அவர் பெயரைக் கேட்டுப் பெருமிதம் கொள்வதோடு முடிவதன்று. அடுத்த கலைஞர் தம் நாட்டைப் பெயரில் மட்டுமன்றிப் பாட்டிலும் சுமப்பதற்கு இடம் அமைத்துத் தருதலே உண்மையான போற்றுதலாகும்.